குட்டைக் குழல், கனத்த சன்னம்

குட்டைக் குழல் ரிவோல்வரை முன்பக்கமிருந்து பார்த்தால் வாய் மட்டும்தான் தெரியும். வாயின் அளவை அங்குலத்தில் சொல்வார்கள்; .44 என்றால் கிட்டத்தட்ட 11 மில்லிமீற்றர் விட்டம். அதைச் சுற்றி ஓர் உருக்கு வளையம், பின்னால் இரண்டரை மூன்று அங்குலக் குழல், அதற்கும் பின்னால் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட தடித்த சிலிண்டர். ஆட்கள் மயங்குவது அந்த வாயைப் பார்த்துத்தான். பிறகு தொல்லை வருவதெல்லாம் மற்றப் பக்கத்திலிருந்து: பிடி, விசை, சிலிண்டரின் பின்புறத்தில் கோதுகளைத் தள்ளும் நட்சத்திரம்.

இந்த வகைத் துப்பாக்கியில் வேகத்தைத் தேடக் கூடாது. மூன்று அங்குலக் குழல் வேகம் தராது. விட்டமும் எடையும்தான் அதனிடம் இருக்கிற சொத்து. ரவை தெரிவு செய்வது, ஸ்பிரிங் மாற்றுவது, பிடி மாற்றுவது என்று எதைத் தொட்டாலும் இதை மனதில் வைத்துத்தான் தொட வேண்டும். செலவழித்துக் கெடுக்கப்பட்ட பெரிய வாய் ரிவோல்வர்களில் பெரும்பாலானவை, குட்டைக் குழலை நீளக் குழல்போல நடத்தியதால் கெட்டவை.

சொற்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ரவை என்றால் முழுத் தோட்டா. சன்னம் என்றால் குழலால் வெளியே போகும் துண்டு. கோது என்றால் மிஞ்சும் பித்தளை உறை. சன்னத்தின் எடையை உலகம் முழுதும் கிரெய்ன் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக் கிரெய்ன் வரும். 246 கிரெய்ன் என்றால் ஏறத்தாழ 16 கிராம்.

சட்டமும் முன்னாலேயே வந்துவிடட்டும். இலங்கையில் இன்றும் அடிப்படையாக இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். தற்பாதுகாப்புக்கான கைத்துப்பாக்கிக்கு அனுமதி தருவது பாதுகாப்பு அமைச்சு. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆயுதம் திருத்துவதற்கும் தனி அனுமதி வேண்டும். 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. ஆகவே கொழும்பில் இருந்து இதை வாசிப்பவர்களில் சிலர் அனுமதியோடு வைத்திருப்பவர்கள், சிலர் தாத்தா காலத்து வெப்லி ரிவோல்வர் ஒன்றுக்குப் பொறுப்பானவர்கள், மீதிப் பேர் இயந்திரத்தில் ஆசை கொண்டவர்கள். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் ஒரு சொல்: கனடாவில் 105 மில்லிமீற்றரும் அதற்குக் குறைவுமான குழலுள்ள கைத்துப்பாக்கி தடை செய்யப்பட்ட வகை. பிரித்தானியாவில் 1997இலிருந்தே கைத்துப்பாக்கிக்கு ஏறக்குறைய இடமே இல்லை. கீழே பெயர் சொல்லும் நவீன வகைகளைக் கடையில் போய்த் தெரிவு செய்யக்கூடியவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர்கள்தான்.

எடைதான் முதல் கேள்வி

இந்த வடிவம் புதிதல்ல. பேர்மிங்காமின் வெப்லி நிறுவனம் 1872இல் 'பிரிட்டிஷ் புல் டோக்' என்ற ஐந்து அறை ரிவோல்வரைக் கொண்டு வந்தது. இரண்டரை அங்குலக் குழல், .442 அல்லது .450 வாய், கோட்டுப் பையில் அடங்கும் உடல். 1881 ஜூலை 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் மீது சுடப்பட்டது இந்த வகை .442 ரிவோல்வரால்தான். ஒரு நூற்றாண்டு கழித்து, 1973இல், சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் அதே பெயரில் .44 ஸ்பெஷல் ரவைக்கு ஐந்து அறை 'புல்டோக்' செய்தது. மூன்று அங்குலக் குழல், ஏறக்குறைய 600 கிராம். ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் 1996இல் கொண்டு வந்த 696ஆம் மாதிரியும் அதே ரவை, அதே ஐந்து அறை, அதே மூன்று அங்குலம். ஆனால் எடை ஒரு கிலோ. ரூகரின் 'அலாஸ்கன்' 2005இல் வந்தது. இரண்டரை அங்குலக் குழல், ஆறு அறை, ஒன்றேகால் கிலோ. அது கரடிக் காட்டுக்குப் போகிறவர்களுக்குச் செய்த சாமான்.

இந்த எடை வித்தியாசம் கையில் என்ன செய்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். ஒரே ரவையை இரண்டு துப்பாக்கிகளில் சுட்டால் பின்னுதைப்பின் சக்தி துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் போகும். எடை பாதியானால் உதைப்பு இரட்டிப்பு. 200 கிரெய்ன் சன்னம் செக்கனுக்கு 800 அடி வேகத்தில் போனால், ரவை நிரப்பிய புல்டோக் 10 ஜூல் அளவில் உதைக்கும். அதே ரவை 696இல் 6 ஜூலுக்குச் சற்று மேல். அலாஸ்கனில் .44 மக்னம் என்ற கூடிய பலமுள்ள ரவையைப் போட்டு 240 கிரெய்னை 1,000 அடியில் அனுப்பினால், அவ்வளவு கனமான துப்பாக்கியிலும் 15 ஜூல் வரும்.

இடுப்பில் கொண்டு திரிய இலேசானது சுகம். சுடுவதற்குக் கனமானதுதான் சுகம். என் கணக்கில் .44 ஸ்பெஷலுக்கு 800 கிராமும் ஒரு கிலோவும் இடைப்பட்ட எடைதான் சரி. 600 கிராம் துப்பாக்கியில் இரண்டாவது, மூன்றாவது சூடு எங்கே போகிறது என்பதை ஒரு தாளில் பார்த்தவர்கள் இதோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

பிடி எடைக்கு அடுத்த விஷயம். பழைய மரப் பிடிகளில் பின்பக்க உருக்கு வெளியே தெரியும். பார்க்க அழகுதான், ஆனால் அந்த உருக்குப் பட்டை உள்ளங்கையின் பெருவிரல் அடியில் நேராக இடிக்கும். பின்பக்கத்தையும் மூடுகிற இறப்பர் பிடி போட்டால் அந்த அடி பரந்து விழும். கூடவே விசைக்கும் கைக்கும் இடையிலான தூரமும் கூடும். சின்னக் கைக்காரருக்கு விரல் நுனி மட்டும் விசையில் பட்டால் இழுவை வளைந்து, சன்னம் பக்கத்துக்குப் போகும். விரலின் முதல் மூட்டு விசையில் உட்காரும் அளவில் பிடியைத் தெரிந்தெடுங்கள். பிடி மாற்றுவதுதான் இந்தத் துப்பாக்கிக்குச் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள திருத்தம். ஒரு திருகாணி, ஐந்து நிமிடம்.

ரவை

.44 ஸ்பெஷல் 1907–08 காலத்து ரவை. ஆதி வடிவம் 246 கிரெய்ன் உருண்டை மூக்கு ஈயச் சன்னம், பெட்டியில் எழுதியிருப்பது செக்கனுக்கு 755 அடி. அந்த எண் ஆறரை அங்குலக் குழலுக்குரியது. மூன்று அங்குலத்தில் 650 பக்கம்தான் கிடைக்கும். அங்கேயே சக்தி 230 அடி-இறாத்தலுக்கு, அதாவது 310 ஜூலுக்கு இறங்கிவிடுகிறது. பெட்டியில் இருக்கும் வேகத்தை நம்பி வாங்கக் கூடாது என்பது இதனால்தான். எந்தக் குழல் நீளத்தில் அளந்தார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள்.

அழுத்த எல்லைகளை மனப்பாடமாகவே வைத்திருப்பது நல்லது. அமெரிக்கத் தொழிற்துறை நியமப்படி .44 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 15,500 இறாத்தல். .45 கோல்ட் 14,000. .45 ஏசிபி என்ற பிஸ்டல் ரவை 21,000. .44 மக்னம் 36,000. .454 கசூல் 65,000. .44 ஸ்பெஷலுக்கும் மக்னத்துக்கும் சன்ன விட்டம் ஒன்றே, ஆனால் மக்னக் கோது எட்டில் ஒரு அங்குலம் நீளம். அந்த நீளம், மக்னம் ஸ்பெஷல் அறைக்குள் போய் உட்காராமல் இருப்பதற்கென்றே வைத்தது. மறுதிசையில், ஸ்பெஷல் ரவையை மக்னத் துப்பாக்கியில் தாராளமாகச் சுடலாம். பலருக்கு அதுவே நல்ல வழியும்கூட. ஒரு நிபந்தனை உண்டு: குட்டைக் கோது முடியும் இடத்தில் அறைக்குள் கரியும் ஈயமும் ஒரு வளையமாகப் படியும். அதைத் துடைக்காமல் பிறகு மக்னம் போட்டால் ரவை முழுதாக இறங்காது, இறங்கினாலும் கோது இறுகிப் பிடிக்கும். வெண்கலப் பிரஷ் ஒன்றை ஒவ்வொரு அறையிலும் பத்துத் தடவை விட்டு எடுங்கள்.

அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் போன்றவர்கள் .44 ஸ்பெஷலைத் தாங்களே நிரப்பி எல்லைக்கு மேல் தள்ளிச் சுட்டதுதான் 1955இல் .44 மக்னம் பிறக்க வழி செய்தது. அந்தக் காலத்துக் கனத்த கணக்குகள் இப்போதும் சுற்றுகின்றன. அவை ஸ்மித், கோல்ட் நிறுவனங்களின் பெரிய பிரேம்களுக்கு (துப்பாக்கியின் உடற்சட்டங்களுக்கு) உரியவை. 600 கிராம் புல்டோக்கில் போட்டால் பிரேம் மெல்ல மெல்ல நீளும், சிலிண்டர் முன்பின் ஆடத் தொடங்கும். பிறகு திருத்தக் காசு செலவழிப்பதில் அர்த்தமில்லை.

மக்னத்தைக் குட்டைக் குழலில் சுடும்போது நடப்பது இதுதான்: மெதுவாக எரியும் வெடிமருந்து முழுதாக எரிந்து முடிய இரண்டரை அங்குலம் போதாது. மிச்சம் வாய்க்கு வெளியே எரிகிறது. இருட்டில் கண்ணைக் குருடாக்கும் நெருப்புப் பந்து, மூடிய அறையில் காதைக் கிழிக்கும் சத்தம். காட்டில் பெரிய மிருகத்துக்கு எதிரே ஆழம் வேண்டும் என்றால் அதைத் தாங்கலாம். கொட்டாஞ்சேனை மாடி வீட்டில் யாருக்கும் அது தேவையில்லை.

அப்படியானால் எது? குழிமூக்குச் சன்னம் விரிய வேகம் வேண்டும். பழைய வடிவமைப்புகள் செக்கனுக்கு 800 அடிக்குக் கீழே பெரும்பாலும் விரிவதில்லை, தடித்த துணி குழியை அடைத்துவிட்டால் இன்னும் மோசம். எனவே இரண்டே வழி. ஒன்று, குட்டைக் குழலில் அளந்து அதற்கென்றே செய்த 165 முதல் 200 கிரெய்ன் வரையான நவீன குழிமூக்கு. ஹோர்னடியின் 165 கிரெய்ன் .44 ஸ்பெஷல் அப்படிப்பட்டது, இரண்டரை அங்குலக் குழலில் 900 அடி என்று நிறுவனமே எழுதுகிறது. மற்றது, விரிவதை மறந்துவிட்டு 240 முதல் 255 கிரெய்ன் வரையான தட்டைமூக்கு ஈயச் சன்னம். 11 மில்லிமீற்றர் விட்டத்தில் தட்டையான முகம் இருந்தால் அது விரிய வேண்டியதில்லை, 700 அடியிலும் தன் வேலையைச் செய்யும். உருண்டை மூக்கு மட்டும் வேண்டாம். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

.45 கோல்ட் நல்ல ரவைதான், ஆனால் கோதின் விளிம்பு ஒடுக்கமானது. சுத்தியலைக் கையால் ஏற்றிச் சுடும் ஒற்றைச் செயல் ரிவோல்வரில் கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ளுவதற்குச் செய்த விளிம்பு அது. நட்சத்திரத்தால் தள்ளும்போது சில சமயம் நழுவி நட்சத்திரத்தின் கீழே போய்விடும். அதைவிட .45 ஏசிபி ரவையை நிலாக்கிளிப்பில் (ரவைகளை ஒன்றாகப் பிடிக்கும் மெல்லிய உலோகத் தகட்டில்) கோத்துப் போடும் ரிவோல்வர் எனக்குப் பிடித்தமானது. கோது குட்டை, ஆறும் ஒன்றாக வரும், ஒன்றாகப் போகும். கிளிப் வளைந்தால் மட்டும் தொல்லை: சிலிண்டர் உராய்ந்து இழுக்கும், பிரைமரில் (கோதின் அடியில் அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் மூடியில்) அடி குறையும். ஒவ்வொரு கிளிப்பையும் வெற்றாக ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் குப்பை.

எந்த ரவையானாலும் ஒரு பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. இலேசான துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது கோது துப்பாக்கியோடு பின்னால் போகிறது, சன்னம் தன் கனத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கோதின் வாய் சன்னத்தை இறுக்கமாகக் கவ்வவில்லை என்றால் ஒவ்வொரு சூட்டுக்கும் மிச்ச ரவைகளின் சன்னம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஊரும். கடைசியில் சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டி எட்டிப் பார்த்து, பிரேமில் முட்டி, சிலிண்டரைப் பூட்டிவிடும். கையால் திறக்கவும் முடியாது, சுடவும் முடியாது.

கண்டுபிடிக்க ஒரு வேர்னியர் போதும். ஐந்து ரவைகளில் ஒன்றின் அடியில் மார்க்கரால் புள்ளி வைத்து, முழு நீளத்தை அளந்து எழுதுங்கள். அது கடைசியாக வரும்படி நிரப்பி நான்கைச் சுடுங்கள். ஐந்தாவதைச் சுடாமல் எடுத்து மறுபடி அளவுங்கள். கால் மில்லிமீற்றருக்கு மேல் நீண்டிருந்தால் அந்த ரவை அந்தத் துப்பாக்கிக்கு உதவாது. நீளாவிட்டால் அதே ரவையை மறுபடியும் கடைசி அறையில் வைத்து இன்னும் நான்கு சுட்டு அளவுங்கள். ஏசிபி ரவைகளை இதில் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அவை பிஸ்டலுக்குச் செய்தவை, கோதின் கவ்வல் மெல்லியது.

பொறியைப் பார்ப்பது

துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் வெறுமையாக்குங்கள். எடுத்த ரவைகளை எண்ணி, வேறு அறையில் வையுங்கள். பிறகுதான் மற்ற எதுவும்.

சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். 0.10 முதல் 0.15 மில்லிமீற்றர் வரை நல்லது. 0.25ஐத் தாண்டினால் வாயு வீணாகிறது, ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கிறது. 0.08க்குக் கீழே போனால் இருபது முப்பது சூட்டுக்குள் சூடும் கரியும் சேர்ந்து சிலிண்டரை உராய வைக்கும். அளக்க விசேஷக் கருவி எதுவும் வேண்டாம். பஞ்சிகாவத்தையில் எந்த மோட்டார்ச் சாமான் கடையிலும் கிடைக்கும், டப்பட் பார்க்கிற ஃபீலர் கேஜ் (தடிப்பு எழுதிய மெல்லிய தகடுகளின் கோவை) போதும்.

சிலிண்டரை மூடி, விரலால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, நுழையும் தகடுகளில் தடித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து முன்னுக்குத் தள்ளிப் பிடித்து மறுபடி. பின்னால் 0.20, முன்னால் 0.10 என்று வந்தால் வித்தியாசமான 0.10தான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். 0.05, 0.07 வரை பரவாயில்லை. 0.10 கூடுதல். ஒவ்வொரு சூட்டிலும் சிலிண்டர் சுத்தியல்போல முன்னும் பின்னும் அடிபட்டு ஆட்டம் தானாகவே பெருகும். 0.05 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு வாஷர்களை உள்ளே வைத்து அதை எடுக்கலாம். எடுத்தபின் இடைவெளி பின்னால் அளந்த பெரிய எண்ணிலேயே நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம். அது 0.25ஐத் தாண்டுமானால் வாஷர் மட்டும் போதாது, குழலையே பின்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது நேரப் பொருத்தம். சிலிண்டரில் ஒரு விரலை இலேசாக உராய விட்டுக்கொண்டு, சுத்தியலைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அறை குழலுக்கு நேரே வந்து, அடியில் உள்ள தடுப்பு சிலிண்டரின் பள்ளத்தில் 'டிக்' என்று விழ வேண்டும். அது விழுந்த பிறகுதான் சுத்தியல் முழுக் கொக்கியில், அதாவது பின்னுக்கு ஏறிப் பூட்டிய நிலையில், நிற்க வேண்டும். இந்த இரண்டு சத்தங்களின் ஒழுங்கு மாறினால் அந்த அறை பிந்துகிறது. எல்லா அறைகளையும் இப்படிப் பாருங்கள், ஒன்று மட்டும் பிந்துவது சாதாரணம். பிந்திய அறையிலிருந்து போகும் சன்னம் குழலின் விளிம்பில் சீவுப்பட்டு, பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தில் ஈயம் தெறிக்கும். பெரிய வாய்ச் சிலிண்டர் கனமானது. அதை வேகமாகச் சுழற்றிச் சுழற்றி நிறுத்தும்போது தடுப்பும் பள்ளமும் மற்ற ரிவோல்வர்களைவிடச் சீக்கிரம் தேயும். படத்தில் வருவதுபோலச் சிலிண்டரைச் சுழற்றி, கையை உதறி மூடுகிறவர்களிடம் இந்தத் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது.

ஈயச் சன்னம் சுடுவோர் அறைகளின் முன்வாயையும் அளக்க வேண்டும். .44இல் 0.430 முதல் 0.432 அங்குலம் வரை நல்லது. அந்த வாய் குழலின் பள்ளத்தைவிட ஒடுக்கமாக இருந்தால் சன்னம் சிறுத்துப் போய்க் குழலில் இறங்கும், பக்கத்தால் வாயு பீறும், குழல் முழுக்க ஈயம் பூசும். .45 கோல்ட் துப்பாக்கிகளில் இந்த அளவு நிறுவனத்துக்கு நிறுவனம், காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே சுத்தமாக்கும் திரவத்தை மாற்றிக்கொண்டிருப்பதைவிட முதலில் அளந்து பார்ப்பதுதான் புத்தி.

விசையை மென்மையாக்குவதில்தான் அதிகமான கேடு நடக்கிறது. விசையை இழுப்பதே சுத்தியலை ஏற்றி விழுத்தும் இரட்டைச் செயல் இழுவை புதிதில் 12 முதல் 14 இறாத்தல் இருக்கும். அதை 10க்குக் கொண்டுவருவது நியாயம். அதற்குக் கீழே ஆசைப்பட வேண்டாம். சுத்தியலை இயக்கும் பிரதான ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் அடி குறையும், ரவை வெடிக்காது. ஸ்மித் வகையில் பிடியின் முன்பக்கத்தில் ஒரு திருகாணி அந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிறது. அதை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு 'இலேசாகிவிட்டது' என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்தத் திருகாணி கடைசிவரை இறுகித்தான் இருக்க வேண்டும். இழுவையைக் குறைக்கச் சரியான இடம் விசையைத் திருப்பி அனுப்பும் சின்ன ஸ்பிரிங். அது நிறுவனத்திலிருந்து 18 இறாத்தல் அளவில் வரும், 15 ஆக்கலாம். 13க்குக் கீழே போனால் விசை சோம்பலாகத் திரும்பும். அவசரத்தில் விரல் அதை முந்திவிட்டால் சிலிண்டர் நகராது.

சுத்தியலின் கொக்கியை அரத்தால் தொடவே கூடாது. அதன் மேற்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டது. சீவினால் உள்ளே மென் உருக்கு. சில நூறு சூட்டில் தேய்ந்து, ஒரு நாள் இழுத்து நிறுத்திய சுத்தியல் கட்டைவிரல் பட்டாலே விழும்.

ஸ்பிரிங் மாற்றிய துப்பாக்கியை நம்புவதற்கு, வைத்திருக்கப் போகும் அதே ரவையில் குறைந்தது நூறு சூடு, ஒன்றும் வெடிக்காமல் போகாதபடி, சுட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரவைக்கும் கணக்கு எழுதப்படும் கொழும்பில் நூறு ரவை யாருக்குச் சும்மா கிடைக்கிறது? கிடைக்காது என்றால் ஸ்பிரிங்கை விட்டுவிடுங்கள். நிறுவனம் போட்டது போட்டபடி இருக்கட்டும். உள்ளே பழைய எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுத்துப் புது எண்ணெய் ஒரு துளி விட்டாலே இழுவை கையில் தெரியும் அளவுக்கு மாறும். வெற்றாக இழுத்துப் பழகினால் இன்னும் மாறும்.

குறி உயரம்

குட்டைக் குழலின் முன்குறி பெரும்பாலும் அசையாதது. கனமான சன்னம் குழலுக்குள் கூடிய நேரம் இருப்பதால், அதற்குள் உதைப்பால் வாய் மேலெழுந்து, சன்னம் மேலே படும். இலேசானது கீழே படும். ஆகவே முதலில் ரவையை முடிவு செய்யுங்கள், அரத்தைப் பிறகு எடுக்கலாம். கணக்கு எளிது: எவ்வளவு கீழே படுகிறது என்பதை இரு குறிகளுக்கிடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். 15 மீற்றரில் 100 மில்லிமீற்றர் கீழே, குறிகளுக்கிடையே 120 மில்லிமீற்றர் என்றால் முன்குறியில் 0.8 மில்லிமீற்றர் எடுக்க வேண்டும். அதில் பாதியை மட்டும் எடுத்து, சுட்டுப் பார்த்து, பிறகு மிச்சம். மேலே படுகிறது என்றால் அரத்துக்கு வேலையில்லை, இலேசான சன்னத்தைத் தேடுங்கள்.

குட்டைக் குழலுக்குக் கோது தள்ளும் கம்பியும் குட்டை. முழுதாக அழுத்தினாலும் கோதுகள் பாதியில் தொங்கும். வாயை வானத்துக்குப் பிடித்து, உள்ளங்கையால் ஒரே அடியாக அடிக்க வேண்டும். மெதுவாகத் தள்ளினால் ஒரு கோது நட்சத்திரத்தின் கீழே போய் மாட்டும், அல்லது எரியாத மருந்து மணிகள் அங்கே விழுந்து சிலிண்டர் மூடாது. பழைய பல் பிரஷ் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். கம்பி தானாகக் கழன்று சிலிண்டர் திறக்காமல் போவதும் உண்டு. 1961க்குப் பிந்திய ஸ்மித்தில் அது இடப்பக்க மரை, எதிர்த்திசையில் இறுக்கி உடைத்துவிடாதீர்கள்.

கடற்காற்றும் பழைய வெப்லியும்

கொழும்பின் காற்றுக்கு உருக்கைத் தின்ன அவசரம் அதிகம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்பும் சேர்ந்து வரும். தோல் உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். தோல் ஈரத்தை உறிஞ்சி உருக்கோடு ஒட்டிப் பிடிக்கும், அதிலுள்ள உப்புகளால் பித்தளைக் கோதில் பச்சைக் களிம்பு ஏறும், தோலிலே பூஞ்சணம் பூக்கும். உறை வேறு, துப்பாக்கி வேறு, ரவை வேறாகப் பூட்டி வையுங்கள். துப்பாக்கியோடு சிலிக்கா ஜெல் பை ஒன்று, நிறம் மாறியதும் 120 பாகையில் ஒரு மணி நேரம் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். தேங்காயெண்ணெய் பூசுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது சிக்குப் பிடித்துப் பசையாகும். தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ மேல். அறைகளுக்குள் மட்டும் எண்ணெய் தேங்க விடாதீர்கள், பிரைமருக்குள் இறங்கினால் ரவை செத்துவிடும். நிக்கல் பூசிய துப்பாக்கிக்கு அமோனியா கலந்த திரவம் வேண்டாம். நிக்கலின் கீழே செம்புப் பூச்சு இருந்தால் அதைக் கரைத்து, மேற்பூச்சு செதில் செதிலாக உரியும்.

பழைய .455 வெப்லிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு அங்குலக் குழலோடு 1887இல் முதல் மாதிரி வந்தது. 1915இன் ஆறாம் மாதிரி ஆறு அங்குலம். இரண்டாம் போருக்குப் பிறகு உபரியாக விற்கப்பட்டவற்றில் ஏராளமானவற்றின் சிலிண்டரைப் பின்பக்கம் சீவி, .45 ஏசிபி போடும்படி மாற்றிவிட்டார்கள். ரவை போகும், வெடிக்கும். ஆனால் அந்த ரவையின் 21,000 இறாத்தல் அழுத்தம், வெப்லியைப் பரிசோதித்த அழுத்தத்தையே தாண்டியது. பாதிச் சிலிண்டர் பறந்த வெப்லிகளின் படங்கள் இந்தத் தவறில் வந்தவை. உங்கள் வெப்லியின் சிலிண்டருக்கும் பின்தட்டுக்கும் நடுவே நாணயம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் அது சீவப்பட்டது. அதில் சாதாரண ஏசிபி ரவையைப் போடவே வேண்டாம்.

பழைய இராணுவ ரவைகளில் இன்னொரு விஷயம்: பிரைமரில் குளோரேட். வெடித்தபின் குழலுக்குள் மிஞ்சுவது சமையலறை உப்பின் உடன்பிறப்பு. எண்ணெய் அதைக் கரைக்காது, மூடி வைத்து மறைக்க மட்டும் செய்யும். தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றைக்கே கொதிநீரைக் குழலாலும் ஒவ்வொரு அறையாலும் ஊற்றி, நீர் வடியும்படி ஆட்டி, துணியால் உலர்த்தி, அந்தச் சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசுங்கள். மறுநாள் காலை ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டு எடுங்கள். காவி நிறம் ஒட்டியிருந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி கேத்தலை அடுப்பில் வையுங்கள்.